ஏற்காட்டில் ஐந்து ரூபாய், விமான நிலையத்தில் எழுபது: பாட்டில் தண்ணீரின் கணக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பாட்டிலில் 20 ரூபாய் என்று போட்டிருந்தது. கடைக்காரர் 25 கேட்டார்.

“ஏங்க, இருபதுதானே போட்டிருக்கு?”

“கூலிங் சார்ஜுங்க. அப்புறம் கீழ இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏத்திட்டு வரணுமில்லீங்க.”

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலையேறி வந்த பாட்டில். பாவம், இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் சித்தி, பூனாவில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார். ஊரைச் சொல்ல வேண்டாம், ஒரு பெரிய நகரத்து விமான நிலையம். உள்ளே போய் உட்கார்ந்ததும் போன் வந்தது. “ஒரு தண்ணி பாட்டிலு தொண்ணூறு ரூவா கண்ணு. நம்ம வீட்டுக்கு ரெண்டு கேன் போட்டிருக்கலாம் இந்தக் காசுக்கு.” இரண்டு கேன் என்றால் 40 லிட்டர். சித்தி கணக்கில் தப்பமாட்டார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஏற்காட்டுக் கடைக்காரர் என்னிடம் கூடுதலாக வாங்கிய ஐந்து ரூபாய் சட்டப்படி குற்றம். சித்தி கூடுதலாகக் கொடுத்த எழுபது ரூபாயில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. இது எப்படி என்று தேடிப்போனால், பாட்டிலின் மேல் அச்சடித்திருக்கும் அந்த மூன்றெழுத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.பி. என்றால் அரசாங்கம் வைத்த விலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அதிகபட்சச் சில்லறை விலையைத் தயாரிப்பாளரே முடிவுசெய்கிறார், அவரே அச்சடிக்கிறார். அரசு சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: எல்லா வரியும் சேர்த்து ஒரு விலையைப் போடு, போட்டதற்கு மேல் ஒரு பைசா வாங்காதே. 1990-க்கு முன்பு பொட்டலங்களில் ஒரு விலையைப் போட்டுவிட்டு ‘உள்ளூர் வரி தனி’ என்று பக்கத்தில் எழுதிவிடுவார்கள். அந்த வரி எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, கடைக்காரர் வாய்க்கு வந்ததுதான் வரி. அதை ஒழிக்க வந்ததுதான் எம்.ஆர்.பி. இப்போது நடப்பில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும். அச்சிட்ட விலைக்கு மேல் எந்தச் சில்லறை வியாபாரியும் விற்கக் கூடாது என்பது அவற்றின் 18-ஆவது விதியில் இருக்கிறது. கூலிங் சார்ஜ், மலையேற்றச் செலவு, ராத்திரி நேரம் என்று அந்த விதியில் எந்த விலக்கும் கிடையாது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்குவதைப் பற்றித் தமிழ்நாடே பேசுகிறதே, அதுவும் இதே விதிக்குள் வரும் சங்கதிதான்.

ஆக, ஏற்காட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். சரி, விமான நிலையக் கடை எப்படித் தப்பிக்கிறது?

முன்பெல்லாம் வழி ரொம்பச் சுலபம். ஒரே கம்பெனி, ஒரே தண்ணீர், ஒரே அளவு பாட்டிலுக்கு இரண்டு விலை அச்சடிப்பார்கள். தெருக்கடைக்குப் போவது ஒரு விலை, தியேட்டருக்கும் விமான நிலையத்துக்கும் போவது இன்னொரு விலை. இரண்டிலும் அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் வாங்கவில்லை, எனவே விதியும் மீறப்படவில்லை! சினிமா தியேட்டர் ஒன்றில் தண்ணீர் பாட்டில் வாங்கிய ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட, அது தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனது. ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. வைக்க முடியாது என்று 2016-இல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. பிறகு மத்திய அரசு விதியையே திருத்தி, 2018 ஜனவரி 1 முதல் ஒரே மாதிரியான பொட்டலப் பொருளுக்கு இரட்டை விலை போடுவதைத் தடைசெய்தது.

தடையில் ‘ஒரே மாதிரியான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருள் வேறு என்றால் விலையும் வேறாக இருக்கலாம். சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டிலில் எம்.ஆர்.பி. 90 என்றே தெளிவாக இருந்தது. அது ஊர்க்கடையில் தொங்கும் ரகம் இல்லை, இயற்கை கனிம நீர். நாம் எல்லா பாட்டிலையும் ‘மினரல் வாட்டர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தர நிர்ணயத்தில் இரண்டும் வெவ்வேறு சரக்கு. நம்மூர் போர் தண்ணீரையோ ஆற்றுத் தண்ணீரையோ சுத்திகரித்து அடைத்தால் அது பொட்டலக் குடிநீர், இந்தியத் தர எண் ஐ.எஸ். 14543. ஊற்றிலிருந்து வந்த இயல்பு கெடாமல் அடைத்தால் அது இயற்கை கனிம நீர், ஐ.எஸ். 13428. பின்னதன் விலை எங்கே வாங்கினாலும் அதிகம்தான். கடையில் 20 ரூபாய் சரக்கை அடுக்கவே அடுக்காமல், 90 ரூபாய் சரக்கை மட்டும் குளிர்பெட்டியில் வைத்தால் போதும். பொய் இல்லை, மீறல் இல்லை, மலிவானது மட்டும் இல்லை. தாகம் எடுத்தவர் இமயமலை ஊற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, மேசை நாற்காலி. ஓட்டல்களும் உணவகங்களும் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாமா என்ற வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம் என்றது. ஓட்டலுக்கு வருகிறவர் வெறும் தண்ணீர் பாட்டில் வாங்கிப் போவதற்கு வருவதில்லை. இடம், சூழல், பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த சேவையைப் பெறுகிறார் என்பது அந்த வாதம். ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கு அது சரிதான். ஆனால் விமான நிலையத்தில் எது கடை, எது உணவகம்? நாமே குளிர்பெட்டியைத் திறந்து, நாமே எடுத்து, வரிசையில் நின்று காசு கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே குடிக்கிறோம். பக்கத்தில் நாலு நாற்காலி கிடக்கிறது. அந்த நாற்காலிகளைக் காட்டி அவர்கள் உணவகம் என்று வாதிடலாம். என்னைக் கேட்டால் அது கடைதான்.

டீ, காபி, இட்லி என்று போனால் இந்தச் சிக்கல்கூடக் கிடையாது. அவை பொட்டலத்தில் வருவதில்லை, எனவே எம்.ஆர்.பி.யும் இல்லை. 2018 மார்ச்சில் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்டபோது, வெந்நீரும் ஒரு டீத்தூள் பையும் 135 ரூபாய் என்றார்களாம். அதிர்ந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். நிதியமைச்சராக இருந்தவருக்கே அதிர்ச்சி என்றதும் ஊடகங்களில் ரொம்ப நாள் ஓடியது. அதே மார்ச் மாதம்தான் நம் சேலத்துக்கு மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்துக்குப் பிரதமர் சொன்ன விளக்கம். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று, விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். டிக்கெட்டுக்கு வரம்பு உண்டு, இறங்கிய இடத்தில் குடிக்கும் டீக்கு வரம்பு இல்லை.

இனி வாடகைக்கு வருவோம். விலையைப் பற்றிக் கேட்டால் விமான நிலையக் கடைக்காரர் முதலில் சொல்வது இதைத்தான், அதில் உண்மையும் இருக்கிறது. அங்கே கடை கிடைப்பது டெண்டரில். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஓர் உறுதித் தொகை, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பல இடங்களில் ஒரு பெரிய ஒப்பந்ததாரர் மொத்தமாக எடுத்து, கடை கடையாகப் பிரித்து வேறு பிராண்டுகளுக்கு விடுகிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு போகிறது. இதற்கு மேல், உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பின்னணி சரிபார்த்து அனுமதி அட்டை வாங்க வேண்டும், உள்ளே போகும் சரக்கு சோதனை ஆக வேண்டும், சரக்கு வைக்க இடம் குறைவு, விடியற்காலை மூன்று மணிக்கும் ஆள் நிற்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க விமான நிலையம் வரை போக வேண்டியதில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எந்த ஊர்த் திருவிழாவாக இருந்தாலும், ராட்டினம் போடும் இடத்தை அதிகத் தொகைக்கு ஏலம் எடுத்தவர் அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்? ராட்டினத்தில் ஏறும் பிள்ளைகளிடமிருந்துதான். அவரிடம் கேட்டால், “ஏலம் அவ்வளவு போச்சுங்க, நான் என்ன பண்றது” என்பார்.

ஆனால் யோசித்தால் இது தலைகீழ். ஏலம் ஏன் அவ்வளவு போனது? அவ்வளவு கேட்டாலும் பிள்ளைகள் ஏறுவார்கள், அப்பாக்கள் கொடுப்பார்கள் என்று ஏலம் கேட்டவருக்கு முன்கூட்டியே தெரியும். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெட்டிக்கடையை எவ்வளவு வாடகைக்கு எடுத்தாலும், தண்ணீர் பாட்டிலை 90-க்கு விற்க முடியாது. பத்தடி தள்ளி அடுத்த கடை இருக்கிறது. அதனால் அந்த வாடகைக்கு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். விமான நிலையத்தில் 90-க்கு விற்கலாம் என்று தெரிவதால்தான் வாடகை அந்த உயரத்துக்கு ஏலம் போகிறது. விலைக்குக் காரணம் வாடகை என்பது பாதி உண்மை. வாடகைக்கே காரணம், உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது என்பது.

இந்த இடத்தில் ஒழுங்குமுறை ஆணையம் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், பெரிய விமான நிலையங்களில் விமானம் இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், பயணியிடம் வாங்கும் பயனர் கட்டணம் இவற்றையெல்லாம் நிர்ணயிக்கிறது. கடை, உணவு, விளம்பரம், பார்க்கிங் போன்றவை விமானம் சாரா வருமானம். அங்கே டீயின் விலை என்ன என்பது அதன் வேலை இல்லை. 2016-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கை, இந்த விமானம் சாரா வருமானத்தில் 30 சதவீதத்தைக் கணக்கில் எடுத்து விமானக் கட்டணங்களைக் குறைக்கச் சொல்கிறது. அதனால் விமான நிலையங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: நீங்கள் டீக்குக் கூடுதலாகக் கொடுப்பதால்தான் உங்கள் டிக்கெட்டில் சேரும் கட்டணம் குறைகிறது. சித்தியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்காமல் போன பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் நான் கொடுத்தேனா என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சேலத்தின் கமலாபுரம் போன்ற சின்ன விமான நிலையத்துக் கணக்கு வேறு. 1993-இல் திறந்ததிலிருந்து சேலத்துக்கு விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. உடானில் வந்த சேவையும் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. வருவது எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏ.டி.ஆர். ரக விமானம். இப்படிப்பட்ட நிலையத்தில் ஒருவர் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விமானத்துக்கு ஐம்பது பேர், அதில் டீ குடிப்பவர் பத்துப் பேர். விமானம் போனதும் ஈ ஓட்ட வேண்டியதுதான். அங்கே டீ விலை கூடினால் அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் அலைமோதும் பெருநகர முனையத்தில் அதே விலையைப் போட்டுவிட்டு அதே காரணத்தைச் சொல்வதுதான் பொருந்தவில்லை.

வெளியே போக முடியாதவரிடம் விலை ஏறுவது விமான நிலையத்தின் கண்டுபிடிப்பு இல்லை. ராத்திரி சேலத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு மோட்டல் தெரியும். இருட்டில் எங்கோ நிறுத்தி “பத்து நிமிஷம்தான்” என்று சத்தம் போடுவார்கள். சுற்றிலும் வேறு கடை கிடையாது. டீயும் தண்ணீரும் என்ன விலையோ அதுதான் விலை. சினிமா தியேட்டரிலும் அப்படித்தான். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் ஜிலேபி கொண்டுவந்து கையை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்றுகூட நீதிபதி கேட்டார். அதே உத்தரவில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் இருந்தது. ஜிலேபி பிரபலமானது, தண்ணீர் மறந்துபோனது.

விமான நிலையத்தில் கதவை மூடியது பாதுகாப்புச் சோதனை. 2006 ஆகஸ்டில் லண்டனில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருள் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் சர்வதேசப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு உலகமெங்கும் வந்தது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் பாதி குடித்த பாட்டிலைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய் இன்னொன்று வாங்குகிறார். உள்நாட்டுப் பயணத்தில் இங்கே தண்ணீர் பாட்டிலைப் பொதுவாக உள்ளே அனுமதித்துவிடுகிறார்கள். இது தெரியாமலேயே பலர் வாசலில் பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். சித்தியும் அப்படித்தான் போயிருக்கிறார். காலி பாட்டில் என்றால் சர்வதேசப் பயணத்திலும் தடையில்லை. கைக்குழந்தைக்கான பாலும் வெந்நீரும் அந்த 100 மில்லிக் கணக்கில் வராது.

எது விலையை இறக்கியிருக்கிறது என்று பார்த்தால் ஒரே ஒரு சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது: பக்கத்திலேயே ஒரு மலிவான கவுன்டர். சேலம் ஜங்ஷனில் நாலாவது பிளாட்பாரத்தில் நிற்கிறவரும் விமானப் பயணி மாதிரி மாட்டிக்கொண்டவர்தான். ரயில் எந்த நிமிஷமும் வரும், வெளியே ஓட முடியாது. ஆனாலும் அங்கே தண்ணீர் விலை எகிறுவதில்லை, ரயில்வேயே ‘ரயில் நீர்’ என்று லிட்டர் 15 ரூபாய்க்கு விற்றுவந்தது. 2025 செப்டம்பர் 22-இல் பாட்டில் தண்ணீருக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது அதையும் 14 ஆக்கினார்கள். 2013 செப்டம்பரில் தமிழக அரசு பஸ் ஸ்டாண்டுகளில் பத்து ரூபாய்க்கு விற்ற அம்மா குடிநீரும் இதே யுக்தி. அது காணாமல் போனபின் பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாட்டிலை நான் பார்க்கவில்லை.

விமான நிலையங்களுக்கு அந்த கவுன்டர் தாமதமாக வந்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மாநிலங்களவை உறுப்பினர் ராகவ் சத்தா, விமான நிலையத்தில் தண்ணீர் 100 ரூபாய், டீ 200, 250 என்று பேசினார். அதே மாதம் கொல்கத்தாவில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். தண்ணீர் 10 ரூபாய், டீ 10, காபி 20, சமோசா 20. 2025 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது, பிறகு இன்னும் சில நிலையங்களுக்கு. அதே கட்டடம்தான். பெருநகர முனையத்து விலை மட்டும் அந்தக் கவுன்டரில் ஏறவில்லை. அமெரிக்காவில் போர்ட்லண்ட் விமான நிலையம் வேறு மாதிரி செய்கிறது: ஊருக்குள் என்ன விலையோ அதே விலைக்குத்தான் உள்ளேயும் விற்க வேண்டும் என்று கடை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அங்கே கடை எடுக்க ஆளில்லாமல் போய்விடவில்லை.

நம் விமான நிலையத்தில் மருந்துக்கடை இருந்தால் ஒரு பாராசிட்டமால் அட்டை வாங்கிப் பாருங்கள். ஊரில் என்ன விலையோ அதுதான். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசே உச்சவரம்பு விலை வைக்கிறது, எந்தக் கதவுக்குள் போனாலும் அது மாறாது. தலைவலி மாத்திரைக்கு வரம்பு உண்டு, அதை விழுங்கத் தேவையான தண்ணீருக்கு இல்லை.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் பில்லோடு புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. நுகர்வோர் உதவி எண் 1915. இதைத் தெரிந்துகொண்ட தெம்பில் அடுத்த முறை ஏற்காடு போனபோது அதே கடையில் விதியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெயிலில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டி, “இது இருபதுங்க” என்றார். மேலே இருந்தாலும் மே மாதம் மே மாதம்தான், தண்ணீர் கொதித்தது.

சித்தி இந்த முறை எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பொட்டலம் தட்டுவடையும் எடுத்துக்கொண்டு போனார். சோதனையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே குடிநீர்க் குழாயைத் தேடிக் கண்டுபிடித்து இன்னொரு தடவையும் நிரப்பிக்கொண்டாராம். போனில் குரலே தெம்பாக இருந்தது.

“தண்ணி சும்மாவே கெடச்சுது கண்ணு. டீ ஒண்ணு வாங்கினேன், நூத்தி அறுவது சொன்னான். நீ சொன்னியேன்னு வெல எங்க போட்டிருக்குன்னு கப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒண்ணுமே போடல.”